கேட்வேல இருந்து மாண்ட்வா வரைக்கும் ஒரு சவடால்

போன ஞாயித்துக்கிழமை ஆபீஸ்ல கூட வேலை பாக்கற குஜராத் கச்சுக்காரர் ஒருத்தரோட மும்பைல இருந்து கடல் தாண்டி அலிபாக் கிளம்பினேன், மாண்ட்வா படகுத்துறை வரைக்கும் படகு. கேட்வே ஆஃப் இந்தியால டிக்கெட் குடுக்கற எடத்துல "கேட்டமரான்"னு சொன்னாங்க பாருங்க, அவ்ளோதான், எனக்குள்ள இருந்த தமிழன் முழிச்சுக்கிட்டான். பாய், அது எங்க ஊர் வார்த்தை, கட்டுமரம், கட்டின மரம்னு அர்த்தம், 1697லயே டாம்பியர்ங்கிற இங்கிலீஷ்காரர் சோழமண்டலக் கரையில இதப் பாத்து புஸ்தகத்துல எழுதிட்டார்னு ஆரம்பிச்சேன். ஆனா நாங்க ஏறின ஏசி போட்டுக்கும் கட்டுமரத்துக்கும் ஸ்நானப்ராப்தி கூட கிடையாது. நம்மளுது லேசான கட்டைங்கள கயித்தால சேத்துக் கட்டினது, தண்ணி மேல ஏறினாலும் இடுக்கு வழியா அதுபாட்டுக்கு வடிஞ்சுடும். இது ரெண்டு அடிப்பாகத்த பக்கம் பக்கமா வச்சு மேல தளம் போட்ட படகு. பேர மட்டும் தூக்கிட்டுப் போயிட்டாங்க.

மனுஷன் சிரிச்சுக்கிட்டே, இங்க பக்கத்துல இருக்கற டோங்ரில வித்த முரட்டுத் துணிதான் டங்கரி, கப்பல்காரங்க போட்டுக்கிட்டது, அது எங்க பம்பாய் கணக்குன்னார். சரி, ஒண்ணுக்கு ஒண்ணு.

நான் விடுவேனா. கப்பலோட வலது பக்கத்த ஸ்டார்போர்டும்பாங்க, அதுல நட்சத்திரம் இல்ல, அந்தக் காலத்துல திருப்பற துடுப்பு வலது பக்கம் இருந்ததால ஸ்டியரிங் பக்கம்னு பேரு, துடுப்பு இடிபடாம இருக்க இடது பக்கத்த கரையோரம் ஒட்டுவாங்க, அதனால அது போர்ட், துறைமுகப் பக்கம். அதுக்கு முன்னாடி லார்போர்டுன்னுதான் சொல்லிட்டிருந்தாங்க, காத்துல கத்தினா ரெண்டும் ஒரே மாதிரி கேட்டுத் தொலைச்சதால 1844ல பிரிட்டிஷ் நேவி அத மாத்திச்சு. கப்பல் வேகத்துக்குச் சொல்ற நாட் (knot) நெசமாவே முடிச்சுதான், கயித்துல 47 அடி 3 அங்குலத்துக்கு ஒண்ணு போட்டு பின்னாடி விட்டு 28 செகண்டுல எத்தனை முடிச்சு ஓடுதுன்னு எண்ணுவாங்க. பணக்காரத்தனமானதுன்னு அர்த்தம் வர்ற பாஷ் (posh)ங்கிற வார்த்தைக்குச் சொல்றது மட்டும் சும்மா கதை, பம்பாய்க்கு கப்பல்ல வந்த பணக்காரங்க போகும்போது போர்ட் பக்கம், வரும்போது ஸ்டார்போர்ட் பக்கம் ரூம் எடுத்தாங்களாம், Port Out, Starboard Homeங்கிறதோட முதல் எழுத்துங்கதானாம். அப்படி அச்சடிச்ச டிக்கெட் ஒண்ணு கூட யாரும் காட்டினதில்ல.

பக்கத்துல ஒரு குடும்பமே சீகல்லுக்கு சிப்ஸ் வீசிட்டிருந்துச்சு, யாரும் என் பேச்சக் கேக்கல.

கடைசியா, மலாய்க்காரங்களுக்கு காபால்ங்கிற வார்த்தையே நம்ம கப்பல்ல இருந்துதான் போச்சு, எங்க சொல்லெல்லாம் சுத்தத் தமிழ், உதாரணத்துக்கு மாலுமி, சுக்கான்னு எடுத்து விட்டேன். அங்கதான் மாட்டினேன். மாலுமியா? எங்க கச்சுல கப்பல் ஓட்டறவர மாலம்னு சொல்வோம், ரெண்டும் அரபில இருக்கற முஅல்லிம்தான், வாத்தியார்னு அர்த்தம், சுக்கானும் அரபிதான்னு பொறுமையா சொன்னார். நம்பாம அங்கயே போன்ல தமிழ் லெக்சிகன திறந்து பாத்தேன். மனுஷன் சொன்னது சரி. மீகாமன்னு நம்ம பழைய சொல் ஒண்ணு அம்சமா இருக்கு, அது வாயில வரணுமே அந்த நேரத்துக்கு!

இப்போ ஆபீஸ்ல நான் எதப் பத்தியாவது விளக்க வாயத் தொறந்தாலே "போலோ மாலுமி"ங்கறார், சொல்லு மாலுமின்னு. எல்லாரும் கப்பல் ஓட்டறவன்னு நினைச்சுக்கறாங்க, எனக்குத் தெரியும் அவர் வாத்தியார்னுதான் சொல்றார்.