நடுவில் கோடு போட்ட நோட்டு

காலை 8.05க்கு ஸ்கூல் வேன் வரும். 8.30க்குள் அன்றைய முதல் சீனின் வசனம் ஷூட்டிங் ஸ்பாட்டுக்குப் போயாக வேண்டும். நடுவில் இருக்கிற இந்த 25 நிமிடத்தை நம்பித்தான் மூன்று வருடமாக என் பிழைப்பு ஓடுகிறது.

நான் டிவி தொடர்களுக்கு வசனம் எழுதுகிறேன். வீடு சாலிகிராமத்தில். திங்கள் முதல் சனி வரை ஒளிபரப்பு என்றால் வாரத்துக்கு 6 எபிசோட். அரை மணி நேரத்தில் விளம்பரம் போக 22 நிமிடம் வரும். எந்த சீனுக்குப் பின் எது, அதில் என்ன நடக்கிறது என்ற சீன் ஆர்டரைத் திரைக்கதை எழுதுபவர் அனுப்புவார், அதை நான் பேச்சாக்க வேண்டும். இங்கே பெரும்பாலும் யாரும் வசனத்தை மனப்பாடம் செய்வதில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் நின்று உதவி இயக்குநர் பிராம்ப்ட் கொடுப்பார், நடிகர்கள் அதைக் கேட்டு அப்படியே பேசுவார்கள். அதனால் வசனப் பேப்பர் வரவில்லை என்றால் மொத்த யூனிட்டும் லைட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும். "மேடம், பேப்பர்?" என்று போன் வரும்போது பெரும்பாலும் என் ஒரு கையில் சீப்பும் மறு கையில் மகளின் பாதிப் பின்னலும் இருக்கும்.

வியாழக்கிழமை டிஆர்பி ரேட்டிங் வரும். புள்ளி இறங்கியிருந்தால் கதை போகிற டிராக்கை மாற்றுவார்கள். எழுதி முடித்த சீன்கள் போய்விடும், அன்று ராத்திரியே புதிதாக எழுத வேண்டும். அதனால் வியாழக்கிழமைக்கு மகளிடம் எந்த வாக்கும் கொடுப்பதில்லை. பீச், பொம்மைக் கடை, தோசைக்குச் சீஸ், எதுவானாலும் வெள்ளிக்குத்தான். அவளுக்கு இப்போது ஆறு வயது. கிழமைகளின் பெயரைச் சொல்லிக்கொடுத்தபோது, "வியாழன்னா அம்மா இல்லாத நாள்" என்றாள். அத்தனைக்கும் அன்று முழுக்க நான் வீட்டில்தான் இருப்பேன்.

ஆனால் நான் சென்னைக்கு வந்தது தொடர் எழுதுவதற்காக இல்லை. என் ஊர் மன்னார்குடி. கும்பகோணம் போகிற பஸ் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நிற்காமல் போன நாள் எனக்கு நினைவில்லை. அங்கே ரயில் கடந்து போவதோடு வேலை முடியாது, எஞ்சினைக் கழற்றி மாட்டுவது, தண்டவாளம் மாற்றுவது எல்லாம் நடக்கும். 2011இல் மன்னார்குடி ரயில் பாதை மறுபடி திறந்த பிறகு அந்த வண்டிகளும் சேர்ந்துகொண்டன. இரண்டு பக்கமும் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். வெள்ளரிப் பிஞ்சும் கடலையும் விற்பவர்கள் ஜன்னல் ஜன்னலாக வருவார்கள். தெரியாதவர்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். சின்ன வயதில் அந்த கேட்டில் நின்றபடி எத்தனை கதை கேட்டிருப்பேன்! ஒரே ராத்திரி, மூடிய ஒரு கேட், அதற்கு இரு பக்கமும் மாட்டிக்கொண்ட மனிதர்கள். என் படம் அதுதான். ஒன்லைன், அதாவது அதன் கதைச் சுருக்கம், எழுதி முடித்தபோது எனக்கு ஆறாவது மாதம்.

கதைச் சுருக்கத்தை எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்துவிட்டுத்தான் பிரசவத்துக்கு ஊருக்குப் போனேன். இந்தத் தொழிலில் கதைக்கு இருக்கும் ஒரு கவசம் அது. 2018இல் ஒரு பெரிய படத்தின் கதை யாருடையது என்ற பிரச்சினை வெடித்தபோதுகூட, பல வருடம் முன்பு பதிவு செய்து வைத்த கதைதான் அந்த எழுத்தாளருக்காகப் பேசியது.

பிரசவ விடுப்பு 26 வாரம் என்று 2017இல் சட்டம் திருத்தப்பட்டது. நல்ல சட்டம். ஆனால் எபிசோட் கணக்கில் சம்பளம் வாங்கும் எங்களைப் போன்றவர்கள் யாருடைய வருகைப் பதிவேட்டிலும் இல்லை. எழுதினால் காசு, எழுதாவிட்டால் இல்லை. ஊரிலிருந்து நான் திரும்பியபோது என் தொடரை வேறொருவர் எழுதிக்கொண்டிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் அந்தக் கதாபாத்திரங்களை இரண்டு வருடம் பேச வைத்தவள் நான். கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, வேறொருவர் எழுதிய வசனத்தை அவர்கள் பேசுவதை டிவியில் பார்த்த அந்த ஏழரை மணியை நான் மறக்கவில்லை.

அப்புறம் அடுத்த தொடர் வந்தது. வசனத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து எழுதுவது என் வழக்கம். சொல்லிப் பார்க்காமல் எழுதினால் பேச்சு நடையில் எங்கோ ஒரு கல் தட்டும். மகள் தவழும்போதும் நடக்கும்போதும் வீட்டில் என் குரல் இப்படி ஓடிக்கொண்டேதான் இருந்தது. அவளுக்கு நான்கு வயது இருக்கும். ஒரு நாள் மதியம் என் மாமியார் அவளைச் சாப்பிடக் கூப்பிட்டார். இவள் இடுப்பில் கை வைத்து, கழுத்தை ஒரு பக்கம் வெட்டி, "இனி உங்க முகத்துலயே முழிக்க மாட்டேன்" என்றாள். அன்று காலை நான் எழுதிய ஏழாவது சீன். ஒரு சொல் பிசகவில்லை, நான் விட்ட இடைவெளிகூட அப்படியே இருந்தது.

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. தட்டை மூடி வைத்துவிட்டு உள்ளே போனார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அது நான் எழுதினது அத்தை, அவளா பேசல" என்றேன். "தெரியும்மா. ஆனா அவ வாயில இருந்து வந்தா வலிக்குதே" என்றார்.

அதன் பிறகு அந்த மாதிரி சீன்களை வீட்டுக்குள் சொல்லிப் பார்ப்பதில்லை. மொட்டை மாடிக்குப் போய்விடுவேன், இல்லையென்றால் கீழே நிற்கும் ஸ்கூட்டியில் உட்கார்ந்து போனில் பதிவு செய்வேன். இன்னொரு மாற்றமும் வந்தது. ஒரு மாமியாரோ மருமகளோ கொடுமையாகப் பேச வேண்டிய இடத்தில், இதை ஒரு குழந்தை தன் பாட்டியிடம் சொன்னால் எப்படி இருக்கும் என்று ஒரு முறை யோசிக்கிறேன். பல வசனங்கள் அந்த இடத்திலேயே விழுந்துவிடுகின்றன. கிரியேட்டிவ் டீமில் இருந்து "காரம் கம்மியா இருக்கே" என்பார்கள். சில நாள் விட்டுக்கொடுப்பேன், சில நாள் நின்று பேசுவேன். குறைந்த சொல்லில் நிறைய வலி வர வைக்க முடியும் என்று இப்போது எனக்குத் தெரியும். அதைக் கற்றுக்கொடுத்தது என் மாமியார் மூடி வைத்த அந்தத் தட்டு.

எழுத நேரம் இல்லை என்பதை எப்படியாவது சமாளித்துவிடலாம். நான் தடுக்கி விழுவது சினிமாவின் கதை டிஸ்கஷனில்தான். நம் சினிமாவில் கதை அறையில் உருவாகிறது. வடபழனியிலோ வளசரவாக்கத்திலோ ஒரு வாடகை ஃபிளாட், தரையில் பாய், டீ ஃபிளாஸ்க், நான்கைந்து பேர். பகல் முழுக்கப் பேச்சு எங்கெங்கோ சுற்றும். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல்தான் சீன் பிடிபடும், பத்தரைக்கு இன்டர்வெல் பிளாக், அதாவது இடைவேளைக் காட்சி, விழும். அந்தச் சுகம் எனக்கும் தெரியும், கல்யாணத்துக்கு முன் அப்படி நிறைய ராத்திரி உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் இந்த வழக்கம் முழுக்க, வீட்டில் தனக்காக யாரும் முழித்துக்கொண்டிருக்காத ஆட்களை வைத்து உருவானது. யாராவது முழித்துக்கொண்டிருந்தாலும் அவர்களைத் தூங்க வைக்க இன்னொருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையில் உருவானது. குழந்தை உள்ள ஆண்களும் அந்த அறையில் இருந்தார்கள். எட்டு மணிக்கு யாருக்கும் போன் வந்ததில்லை. எனக்கு மட்டும் வந்தது.

போன வருடம் ஒரு இயக்குநர் என்னைத் தன் படத்தின் டிஸ்கஷனுக்குக் கூப்பிட்டார். காலை 10 முதல் மதியம் 3 வரை வருகிறேன், மீதியை எழுதி அனுப்புகிறேன் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றவர் அப்புறம் பேசவில்லை. ரொம்ப வருத்தமாக இருந்தது, இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. ஆனால் அடுத்து கூப்பிட்ட இன்னொருவரிடமும் அதே நேரத்தைத்தான் சொன்னேன். அவருக்கு இரட்டைக் குழந்தைகளாம். "எனக்கும் அதான் வசதி, ஆரம்பிச்சிடலாம்" என்றார். அந்த ஐந்து மணி நேரத்தில் யாரும் ஊர்க்கதை பேசவில்லை, மூன்று வாரத்தில் சீன் ஆர்டர் முடிந்துவிட்டது. இதைப் பெரிய சாதனையாகச் சொல்லவில்லை. நேரத்தை மாற்றினாலும் கதை வரும் என்று கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். பெண் எழுத்தாளர்கள் ஏன் குறைவு என்று மேடை மேடையாகக் கேட்கிறோம். டிஸ்கஷன் எத்தனை மணிக்கு என்று முதலில் கேட்டிருக்கலாம்.

என் சொந்தக் கதைக்குக் கிடைப்பது காலை 4.45 முதல் 6 வரை. கணவருக்கு லேபில் ஷிப்ட் வேலை. காலை ஷிப்ட் இல்லாத வாரங்களில் அவர் சமையலைப் பார்த்துக்கொள்வார், எனக்கு இன்னும் அரை மணி கூடும். தொடருக்கு லேப்டாப், படத்துக்குப் பேனா. கோடு போடாத ஒரு குயர் நோட்டு வாங்கி, பக்கத்தின் நடுவில் ஸ்கேலால் ஒரு கோடு இழுப்பேன். இடது பக்கம் என்ன நடக்கிறது, வலது பக்கம் என்ன பேசுகிறார்கள். நான் உதவியாளராகச் சேர்ந்தபோது சீன் பேப்பரை அப்படி எழுதத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கை அதை விடவில்லை.

முன்பெல்லாம் ஒரு சீனை முடிக்காமல் எழுந்திருக்க மாட்டேன். இப்போது வேண்டுமென்றே பாதியில் நிறுத்துகிறேன். கேட் கீப்பர் வாயைத் திறக்கிறார் என்று இடது பக்கம் எழுதிவிட்டு, வலது பக்கத்தைக் காலியாக விட்டுவிட்டு எழுந்துவிடுவேன். குக்கர் வைக்கும்போதும் வேனுக்கு நிற்கும்போதும் அந்த ஆள் மனதுக்குள் வாயைத் திறந்தபடியே நிற்பார். அடுத்த நாள் உட்கார்ந்தால் அவர் என்ன சொல்ல வந்தார் என்று பெரும்பாலும் தெரிந்திருக்கும். காய்ச்சல், பள்ளி ஆண்டு விழா என்று வாரக்கணக்கில் விட்டுப்போனதும் உண்டு. அப்போது அந்தக் காலி இடத்தைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும். ஒரு முறை 23 நாள் ஆனது.

மகளும் இப்போது தன் பழைய நோட்டில் நடுவில் கோடு போட்டு வைத்திருக்கிறாள். இடது பக்கம் ஒரு ரயில், வலது பக்கம் "கூ" என்ற ஒரே எழுத்து, பக்கம் பக்கமாக. என் கதை என்ன என்று போன மாதம் கேட்டாள். கேட் மூடியிருக்கிறது, எல்லோரும் நிற்கிறார்கள் என்று சொன்னேன். அதிலிருந்து தூக்கம் கலைந்து வரும் நாட்களில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அதைத்தான் விசாரிக்கிறாள்.

இன்று காலையும் வந்தாள். போர்வையோடு வந்து நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"கேட் திறந்தாச்சா?"

"இல்லடா. இன்னும் 14 சீன் இருக்கு."

"அந்தக் கடலை விக்கிற பாட்டி?"

"அவங்களும் நிக்கறாங்க."

"அவங்களுக்குக் கால் வலிக்காதா?"

பேனாவை எடுத்து இடது பக்கத்தில், பாட்டி கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தண்டவாளத்துக்குப் பக்கத்துக் கல்லில் உட்கார்கிறார் என்று எழுதினேன். அதற்குள் மணி ஆறு ஆகியிருந்தது. பால் வந்துவிட்டது.