இரண்டு கை, ஒரு கன்வஸ்: வேலைக் குறிப்பு

பெப்ரவரி 4
4க்கு 3 அடி கன்வஸ், வரைபவர் இருவர்: ஒருவர் கோட்டுக்காரர், மற்றவர் எண்ணெய் வர்ணக்காரர். மட்டக்களப்புக் கல்லடிப் பழைய பாலத்தின் முன்னால் வடமோடிக் கூத்து அரசன். பின்னால், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கம் இறங்கும் வெயில். அரசன் கோட்டுக்காரரின் பங்கு: கறுப்புக் கோடு, தட்டை நிறம், அக்ரிலிக். வாவியும் வானமும் எண்ணெய்க்காரருக்கு. அவருக்குக் கோடு என்றாலே ஆகாது. ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு மூன்று பூச்சு, முதல் பூச்சில் மட்டும் கொஞ்சம் தண்ணீர். ஒவ்வொன்றும் காய்ந்தபின் 220 சாண்ட் பேப்பர்.

பெப்ரவரி 6
யார் முதலில் என்பதில் மரியாதைக்கு இடமில்லை. காய்ந்த அக்ரிலிக்கின் மேல் எண்ணெய் வர்ணம் பிடிக்கும். எண்ணெய்க்கு மேல் அக்ரிலிக் நாளடைவில் உரிந்துவரும். ஆகக் கோட்டுக்காரர்தான் தொடங்கவேண்டும், அதுவும் பளபளப்பில்லாத அக்ரிலிக்கில், மெல்லிசாக. அரசனின் கரப்புடுப்பின் (விரிந்து நிற்கும் கூத்து உடுப்பின்) விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டி, முதலில் அடிநிறத்தையே ஓரத்தில் தடவிக் காயவிட்டார். கசிந்தாலும் கசிவது அடிநிறம்தான். பிறகே சிவப்பு.

பெப்ரவரி 9
வானத்தின் முதல் பூச்சு: வர்ணத்தை நீர்க்கவைக்கும் டர்பன்டைன் கூடுதலாக, எண்ணெய் குறைவாக. அடுத்தடுத்த மேல்பூச்சுகளில் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் ஏறலாம். மாற்றிச் செய்தால் மேல்பூச்சு முதலில் இறுகி வெடிக்கும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவேண்டாம். லின்சீட் காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றிய மூடித் தகரத்துக்குள் போடுங்கள்.

பெப்ரவரி 10
வழக்கு கிரீடத்தில். வானத்தை இழைத்துக்கொண்டு வந்த பிரஷ் கிரீடத்துக்குள்ளும் ஏறிவிட்டது. கோட்டுக்காரரின் முகம் கறுத்தது. கடைசியில், வெயில் படும் இடப்பக்கம் கோடு நிற்கட்டும், நிழலான வலப்பக்கத்தில் கோட்டை வானம் விழுங்கட்டும் என்று ஒத்துக்கொண்டார்கள். படத்துக்கு உயிர் வந்தது அங்கேதான். இடப்பக்கம் ஏறியதை உலர்ந்த பஞ்சுக்குச்சியாலும் துளி லின்சீட்டாலும் எடுக்கலாம். டர்பன்டைனால் தேய்த்தால் கீழுள்ள அக்ரிலிக் இளகக்கூடும்.

1615 அளவில் ஓவியர்கள் ரூபென்ஸும் மூத்த யான் பிறெகலும் சேர்ந்து வரைந்த ஏதேன் தோட்டப் படத்தில் ஆதாமும் ஏவாளும் ரூபென்ஸின் கை, செடிகளும் பெரும்பாலான விலங்குகளும் பிறெகலின் கை. பங்கு பிரிப்பது பழைய வழக்கம்தான், விளிம்பில்தான் சண்டை.

பெப்ரவரி 20
வானம் தொட்டால் ஒட்டவில்லை. கோட்டைப் புதுப்பிக்க இனி எண்ணெய்க் கறுப்புத்தான். ஐவரி பிளாக் காய நாளெடுக்கும். அல்ட்ராமரீன் நீலத்தோடு பேர்ன்ட் அம்பர் என்ற கபில நிறத்தைக் கலந்தால் நல்ல கறுப்பு கிடைக்கும்; அம்பரிலுள்ள மாங்கனீசு சீக்கிரம் காயவைக்கும். நீள மயிர்ப் பிரஷ், மைப் பதம்.

வானத்தின் கீழ்ப்பாதியில் மங்கல் திட்டு: ஜெஸ்ஸோ எண்ணெயை உறிஞ்சியிருக்கிறது. மெல்லிசாக லின்சீட் தேய்த்து, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுக்கவேண்டும். ஓகஸ்டில் அடித்துவிடலாம், மாரி தொடங்கினால் ஈரக்காற்றில் வார்னிஷ் வெளிறும்.