எது தடுக்கிறது? எச்.எஸ்.சி. இயற்பியலில் ஈர்ப்பைப் படித்த விதம்

மொரீஷியஸில் பள்ளி இறுதித் தேர்வான எச்.எஸ்.சி.க்கு இயற்பியல் எடுத்தவர்களுக்குத் தெரியும், கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தில் ஈர்ப்புப் புலம் 13-ஆவது பாடம். 2022-இல் புதிதாகச் சேர்ந்த வானியலும் அண்டவியலும் கடைசி, 25-ஆவது பாடம். நடுவில் வெப்பம், வாயுக்கள், மின்புலம், காந்தம், அணுக்கரு என்று ஒரு பெரிய கூட்டமே நிற்கிறது. வானியலுக்கு வந்து சேரும்போது ஈர்ப்பு பாதி மறந்திருக்கும், அதற்குள் தேர்வு மாதமான அக்டோபர் வந்துவிடும். பாடவரிசையை விட்டுவிட்டுச் சூரியனை நடுவில் வைத்துப் படித்ததுதான் எனக்கு உதவியது. சூரியன் என்ற ஒரே பொருளுக்கு 13 (ஈர்ப்பு), 15 (வாயுக்கள்), 23 (அணுக்கரு), 25 (வானியல்) ஆகிய நான்கு பாடங்களும் வேண்டும்.

அப்படிப் படிக்கும்போது எந்தப் பொருளைப் பார்த்தாலும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: ஈர்ப்பு எப்போதும் உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது, அப்படியிருக்க இது ஏன் இன்னும் உள்ளே விழவில்லை? எது தடுக்கிறது?

சூரியக் குடும்பம் எப்படிப் பிறந்தது என்று தாளில் நேராகக் கேட்க மாட்டார்கள். ஆனாலும் அங்கிருந்தே தொடங்குங்கள், கேள்வி அங்கேதான் நன்றாகப் பிடிபடும். சுமார் 460 கோடி ஆண்டுகளுக்கு முன் குளிர்ந்த வாயுவும் தூசும் கலந்த ஒரு பெரிய முகில் இருந்தது. அதன் ஒரு பகுதியில் வாயுவின் அழுத்தத்தால் ஈர்ப்பைத் தாங்க முடியாமல் போக, அந்தப் பகுதி சுருங்கத் தொடங்கியது. முகிலுக்கு ஏற்கெனவே மெதுவான சுழற்சி இருந்தது. கோண உந்தம், அதாவது நிறை, ஆரம், சுழற்சி வேகம் மூன்றும் சேர்ந்த அளவு, மாறாது என்பதால், சுருங்கச் சுருங்கச் சுழற்சி வேகம் கூடியது. இப்போது கேள்வியைப் போடுங்கள். சுழலும் அச்சை நோக்கிப் பக்கவாட்டில் விழ வரும் வாயுவை எது தடுக்கிறது? சுழற்சி. அச்சுக்கு இணையாக, மேலிருந்தும் கீழிருந்தும் விழுவதை? சுழற்சியால் அதைத் தடுக்க முடியாது. அதனால்தான் முகில் பந்தாக நிற்காமல் தட்டையாகிப் போனது. கோள்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே தளத்தில், ஒரே திசையில் சுற்றுவதற்குக் காரணம் அந்தத் தட்டுதான்.

தட்டின் நடுவில் சேர்ந்தது சூரியன். இன்றும் மொத்த நிறையில் 99.8 சதவீதத்துக்கும் மேல் அதனிடம்தான் இருக்கிறது. அருகில் இருந்த வெப்பத்தில் பனிக்கட்டி உறைய முடியவில்லை, பாறையும் உலோகமும் மட்டும் சேர்ந்து புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் உருவாயின. தள்ளி இருந்த இடத்தில் பனிக்கட்டியும் சேர்ந்துகொண்டதால் வியாழனின் கரு வேகமாகப் பெருத்து, சுற்றியிருந்த வாயுவையும் இழுத்துக்கொண்டது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே ஒரு கோள் உருவாகாமல் குறுங்கோள்கள் சிதறிக் கிடப்பதற்கும் வியாழனின் இழுப்பே முக்கியக் காரணம். அந்தக் குறுங்கோள்களிலும் கேள்வி வேலை செய்கிறது. சிறியவை கோணல்மாணலாக இருக்கின்றன, ஏனென்றால் பாறையின் உறுதி ஈர்ப்பைத் தடுக்கிறது. சுமார் 940 கிலோமீட்டர் விட்டமுள்ள சீரிஸில் பாறை தோற்றுவிட்டது, அது உருண்டை.

சரி, சூரியனுக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். சூரியனின் உள்ளே அழுத்தம் திடீரென்று இல்லாமல் போனால் அது முழுவதும் நடுவில் விழுந்து முடிய அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரம் 460 கோடி ஆண்டுகளாக நடக்காமல் இருக்கிறதே, எது தடுக்கிறது? உள்ளே போகப் போக மேலே உள்ள எடை கூடுகிறது, அதைத் தாங்க அழுத்தமும் கூட வேண்டும். அழுத்தம் எங்கிருந்து வருகிறது? 15-ஆவது பாடம்: அடர்த்தியும் வெப்பநிலையும். சூரியனின் மையத்தில் வெப்பநிலை சுமார் 1.5 கோடி கெல்வின், அடர்த்தி தண்ணீரைப் போல் 150 மடங்கு. வெப்பம் வெளியே போய்க்கொண்டே இருக்கும்போது அதை ஈடுகட்டுவது எது? 23-ஆவது பாடம்: ஹைட்ரஜன் இணைந்து ஹீலியமாகும் அணுக்கரு இணைவு. நொடிக்கு சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் இணைகிறது, அதில் 40 லட்சம் டன்னுக்கு மேல் ஆற்றலாக மாறுகிறது. சூரியனின் ஒளிர்திறன், அதாவது நொடிக்கு அது வெளியிடும் ஆற்றல், 3.8 × 10²⁶ வாட். அதை ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்து இந்த 40 லட்சத்தை நீங்களே எடுத்துப் பாருங்கள், மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். இணைவு கொஞ்சம் கூடினால் மையம் சூடாகி விரிகிறது. விரிந்தால் குளிர்ந்து, இணைவு தானாகக் குறைகிறது. குறைந்தால் ஈர்ப்பு மறுபடி அழுத்தி மையத்தைச் சூடாக்குகிறது. ஆக, எரிபொருளின் வேகத்தைக் கட்டுப்படுத்துவதே ஈர்ப்புதான். 19-ஆம் நூற்றாண்டில் கெல்வினும் ஹெல்ம்ஹோல்ட்ஸும் சுருக்கம் மட்டுமே சூரியனை எரிய வைக்கிறது என்று கணக்குப் போட்டார்கள். கணக்கு சரிதான், ஆனால் அதில் சூரியனுக்குச் சில கோடி ஆண்டு ஆயுள்தான் கிடைத்தது. பாறைகள் காட்டிய வயதுக்கு அது போதவில்லை.

உள்ளடுக்குகளைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்: ஆரத்தின் முதல் கால்பகுதி வரை இணைவு நடக்கும் கரு, அப்புறம் 70 சதவீதம் வரை கதிர்வீச்சாக வெப்பம் கடக்கும் பகுதி, அதற்கு மேல் வாயுவே கொதித்து ஏறி இறங்கும் பகுதி. மேற்பரப்பு சுமார் 5,800 கெல்வின். ஒளி மிகுதியாக வரும் அலைநீளத்தையும் வெப்பநிலையையும் இணைக்கும் வீன் விதியில் உச்ச அலைநீளம் 500 நானோமீட்டர் என்று போட்டால் இந்த எண் வந்துவிடும்.

கணக்கில் ஒன்றைக் கட்டாயம் கையால் போட்டுப் பாருங்கள். பூமியின் தூரம் 1.5 × 10¹¹ மீட்டர், ஓர் ஆண்டு 3.15 × 10⁷ நொடி. ஈர்ப்பு விசையை மையநோக்கு விசைக்குச் சமப்படுத்தினால் சூரியனின் நிறை 2 × 10³⁰ கிலோகிராம் என்று வரும். ஒரு நாட்காட்டியையும் ஒரு தூரத்தையும் வைத்துச் சூரியனை எடைபோட்டுவிடலாம் என்பது எனக்கு இன்றும் நம்பமுடியாத விஷயம்தான்.

வரையறைகளில் இரக்கம் கிடையாது. புலவலிமை என்றால் ஓரலகு நிறைக்கான விசை. 'ஓரலகு நிறைக்கு' விட்டுப்போனால் மதிப்பெண் போகும். ஈர்ப்பு அழுத்தம் (gravitational potential) என்றால் ஓரலகு நிறையை முடிவிலியிலிருந்து ஓர் இடத்துக்குக் கொண்டுவரச் செய்யும் வேலை; அதில் 'முடிவிலியிலிருந்து' என்ற சொல்லும் வேண்டும். முடிவிலியில் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு உள்ளே விழ விழக் குறைவதால்தான் அது எதிர்க்குறி பெறுகிறது. இங்கே அழுத்தம் என்பது வாயு அழுத்தம் அல்ல, தாள் ஆங்கிலத்தில் இருப்பதால் அந்தக் குழப்பம் வராது. ஆனால் தமிழில் வீட்டில் சொல்லிப்பார்க்கும்போது 'ஈர்ப்பு நிலைப்பண்பு' என்றே சொல்லுங்கள்.

பூமியிலிருந்து பார்த்தால் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் புவிநிலைத் துணைக்கோள் பற்றிய கேள்வி அடிக்கடி வரும். நம் ஊர்க் கூரைகளில் டிவி டிஷ் ஏன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்று யோசியுங்கள்: நாம் தெற்கே 20 பாகையில் இருக்கிறோம், துணைக்கோளோ பூமத்தியரேகைக்கு நேர் மேலே. மேற்கிலிருந்து கிழக்காக, 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று. இந்த மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள்.

400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் விண்வெளி நிலையத்தைப் பற்றிக் கேட்டால் ஆரமாக 400-ஐப் போடாதீர்கள், பூமியின் ஆரத்தையும் கூட்டி 6,770 கிலோமீட்டர், அதையும் மீட்டராக்கி. அங்கே ஈர்ப்பு முடுக்கம் 8.7 வரும். பூமியில் இருப்பதைவிட அவ்வளவு குறைவில்லை, பிறகு அவர்கள் ஏன் மிதக்கிறார்கள்? நிலையமும் ஆட்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கிறார்கள், பக்கவாட்டு வேகம் தரையைத் தொடவிடாமல் தடுக்கிறது.