மேசையை வாங்குமுன் இழுப்பறையைக் கவிழ்த்துப் பாருங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இருக்கும் பழைய சாமான் கடைகளுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே எந்தச் சாமானைத் தொட்டாலும் அதற்கு நூற்றைம்பது வயது. மேல்பலகை சாய்ந்த கணக்குப்பிள்ளை மேசை, கல்லாப்பெட்டி, பிரம்பு பின்னிய ஈசி சேர், எல்லாமே "பர்மா தேக்கு சார், செட்டியார் வீட்டுது". பாதி உண்மைதான். செட்டிநாட்டு வீடுகளுக்கு பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாகத் தேக்கு வந்தது. பிறகு பங்காளிகள் பெருகி, பராமரிக்க ஆளில்லாமல் பல வீடுகள் இடிபட்டு, தூணும் நிலையும் உத்திரமும் கடைகளுக்கு வந்து சேர்ந்தன.

அந்த உத்திரத்தை அறுத்துப் போன மாதம் செய்த மேசையும் பழைய மரம்தான், ஆனால் பழைய மேசை இல்லை. இதில் ஏமாற்று என்று எதுவும் கிடையாது, நன்றாகக் காய்ந்த மரம் வளையாது, நெளியாது, நான்கூட அப்படிச் செய்ததையே தேடி வாங்குவேன். விலை மட்டும் அதற்கேற்றபடி இருக்க வேண்டும், நூற்றைம்பது வயதுக்கான காசை அதற்குத் தர முடியாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? மேல்பக்கத்தைப் பார்க்காதீர்கள், அங்கே பாலிஷ்தான் இருக்கும். இழுப்பறையை வெளியே இழுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பலகையில் அரைவட்டக் கோடுகள் தெரிந்தால் மெஷின் வட்டரம்பத்தில் அறுத்தது. கைரம்பம் நேர்கோடாகத்தான் தடம் விடும், அதுவும் ஒழுங்கில்லாமல். எதற்கென்றே தெரியாத ஆணித்துளைகள், சதுரமாக மரத்துண்டு வைத்து அடைத்த இடங்கள் இருந்தால் அந்தப் பலகை முன்பு கதவாகவோ நிலையாகவோ இருந்திருக்கிறது. திருகாணியின் தலையில் நட்சத்திரக் குறி இருந்தால் அது 1930களுக்குப் பிறகு வந்த சமாச்சாரம். அதற்காகச் சாமானே புதுசு என்று முடிவு கட்டிவிட முடியாது, பின்னால் யாராவது மாற்றியிருக்கலாம், ஆனால் எல்லா ஆணியும் அப்படியே இருந்தால் சந்தேகப்படலாம். வட்ட மேசை என்றால் டேப்பை எடுங்கள், மரம் காலப்போக்கில் குறுக்குவாட்டில்தான் அதிகம் சுருங்கும், அதனால் நிஜமாகவே பழைய வட்டம் ஒரு பக்கம் கொஞ்சம் குறைந்து முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும்.

கடைக்காரர் வயதில் ரொம்பவும் பிடிவாதம் பிடித்தால், "இதை சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்கு அனுப்பலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள், கைவேலைப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சாமானுக்குச் சட்டென்று வயது குறைந்துவிடும்!

உளுத்தலைப் பற்றித்தான் ரொம்பக் கவனம் வேண்டும். சாமானின் காலைத் தட்டிப் பாருங்கள், கீழே மாவு மாதிரி வெளிறிய தூள் கொட்டினால் உள்ளே வண்டு இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது, அதை வீட்டுக்குக் கொண்டுவந்தால் மற்ற மரச்சாமானுக்கும் பரவலாம். தேக்கின் வைரத்தை, அதாவது நடுவில் இருக்கும் கெட்டியான பகுதியை, வண்டு அவ்வளவாகத் தொடாது, ஓரத்தில் வெளுப்பாக இருக்கும் பகுதியைத்தான் தின்னும், அதனால் அந்த வெளுப்பு எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். பழைய ஓட்டைகள் மட்டும் இருந்து தூள் வராவிட்டால் பெரிய கவலை இல்லை.

பேரம் என்னவோ உங்கள் சாமர்த்தியம். ஆனால் பிரம்பு பின்ன, பாலிஷ் போட, வண்டி வாடகை, ஏற்றி இறக்கும் கூலி எல்லாவற்றையும் முதலிலேயே கூட்டிக்கொள்ளுங்கள், சில சமயம் நாற்காலியின் விலையைவிட இது அதிகமாகிவிடும். அப்புறம், பீரோ வாங்குகிறவர்கள் உங்கள் அபார்ட்மெண்ட் மாடிப்படி திரும்பும் இடத்தை அளந்துவிட்டுக் கிளம்புங்கள், ஏனென்றால் அந்தக் காலத்துப் பீரோவில் பல கழற்றி மாட்டுகிற மாதிரி செய்யப்பட்டவை அல்ல.