கம்பளியின் உள்கொழுப்பை எடுக்கக் குளோரோஃபார்ம் எதற்கு?

லானோலின் வேறு, உள்கொழுப்பு வேறு. செம்மறியாட்டின் தோல் சுரந்து ரோமத்தின்மேல் படிவது லானோலின். வெட்டிய மெரினோ ரோமத்தின் எடையில் 10 முதல் 25 சதவீதம் வரைகூட இருக்கும். உள்கொழுப்பு இழைக்குள்ளேயே, செல்களுக்கு நடுவே இருக்கிறது. அலசிய கம்பளியில் சுமார் 1.5 சதவீதம்தான் தேறும். ஆனால் செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலம் என்று நம் தோலின் மேலடுக்கில் உள்ள சரக்கேதான் அதிலும். பார்சிலோனா ஆய்வகங்கள் பல வருடமாக இதன் பின்னால் சுற்றுவது சும்மா இல்லை.

பழைய வழி, குளோரோஃபார்ம்–மெத்தனால் கலவையை சாக்ஸ்லெட்டில் (கரைப்பானைக் கொதிக்கவைத்து, குளிரவைத்து, திரும்பத் திரும்பச் சரக்கின்மேல் விடும் கண்ணாடிக் கருவி) மணிக்கணக்கில் ஓட்டுவது. கொழுப்பு நன்றாகவே இறங்கும். மிச்சக் கரைப்பான்தான் தலைவலி: மருந்துத் தர அளவுகோலில் குளோரோஃபார்ம் 60 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 60 பங்கை) தாண்டக் கூடாது, எத்தனாலுக்கோ 5000.

எத்தனாலுக்கு மாறினால் பாதி வேலை அலசலில். லானோலின் 40 டிகிரியை ஒட்டித்தான் உருகும். வெதுவெதுப்பான தண்ணீரில் போகாது. 60 டிகிரித் தண்ணீர், அயனியில்லா டிடர்ஜென்ட், பிறகு நுரை வராதவரை அலசல். கசக்கவே கூடாது, கம்பளி திரண்டு நமுதாகிவிட்டால் கரைப்பான் உள்ளே நுழையாது. நன்றாக உலர்த்துங்கள். சாதாரணமாக அறையில் கிடக்கும் கம்பளியே ஏராளமாக ஈரம் குடித்திருக்கும். அந்த ஈரம் எத்தனாலில் சேர்ந்தால் உப்பும் சோப்பு மிச்சமும் கூடவே கரைந்து வரும்.

10 கிராம் கம்பளியைத் தளர்வாக நிரப்பி, அதே சாக்ஸ்லெட்டில் 250 மில்லி எத்தனாலில் ஐந்து மணி நேரம் ஓட்டலாம். திறந்த நெருப்பு வேண்டாம், ஹீட்டிங் மேன்டில் (குடுவையைச் சூடாக்கும் மின்கருவி) போதும். கிடைப்பது அதிகபட்சம் 150 மில்லிகிராம். 400 வந்தால் சந்தோஷப்படாதீர்கள், அது லானோலின். எத்தனாலை வெற்றிடத்தில் 40 டிகிரிக்குள் வடித்து மீட்டு, மறுபடி பயன்படுத்துங்கள். மீட்காவிட்டால் ‘பசுமை’ லேபிளில் மட்டும்தான்.

சூப்பர்கிரிட்டிக்கல் கார்பன் டைஆக்சைடு இன்னும் சுத்தம். 31 டிகிரி, 74 பார் அழுத்தம் தாண்டினால், வாயுவும் இல்லாத திரவமும் இல்லாத அந்த நிலை வரும்; பிழிந்தெடுக்க அதைவிடப் பல மடங்கு அழுத்தம் வைப்பார்கள். தனியாக விட்டால் மேலே மிச்சமிருக்கும் லானோலினை வாரும், முனைவுள்ள (மூலக்கூறில் மின்னூட்டம் சமமாகப் பரவாத) செராமைடைத் தொடாது. இதைச் சாதகமாக்கலாம்: முதல் ஓட்டம் வெறும் கார்பன் டைஆக்சைடில், இரண்டாவது 10 சதவீத எத்தனால் சேர்த்து. அழுத்தம் இறங்கும் வால்வு குளிர்ந்து, கொழுப்பு உறைந்து அடைக்கும். வால்வைச் சூடாக்கியே வைக்க வேண்டும். சின்ன யூனிட்டுக்கு இந்த மெஷின் செலவு கட்டாது என்பது என் கணிப்பு.

கடைசியில் சிலிக்கா தகட்டில் ஒரு டிஎல்சி (கலவையைப் புள்ளி புள்ளியாகப் பிரித்துக் காட்டும் சோதனை). லானோலினில் உள்ள ஸ்டிரால் எஸ்டர் உச்சிக்கு ஓடும், செராமைடு கீழே நிற்கும். உச்சிப் புள்ளி தடித்திருந்தால் லானோலின் சரியாகப் போகவில்லை; அடுத்த கட்டு கம்பளியை அலசும்போது தொட்டியில் தெர்மாமீட்டரைப் போட்டுப் பாருங்கள்.