இருக்கறதுலயே ஜாஸ்தி

"இருக்கறதுலயே 87-தான் சார் ஜாஸ்தி" என்றேன். இதில் பொய் எதுவும் இல்லை. ஒரு வருஷமாக இதையேதான் மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன்.

நீட் கோச்சிங் வீடியோ. 140 பிள்ளைகள், ஆளுக்கொரு எண், ஆளுக்கொரு காப்பி. கசிந்தால் யாருடையது என்று தெரிய, ஒவ்வொன்றிலும் அந்த எண்ணுக்குரிய, கண்ணுக்குத் தெரியாத அடையாளம், அதாவது வாட்டர்மார்க். மூலையில் லோகோ போட்டால் வெட்டிவிடுவார்கள். அதனால் வீடியோவில் முழுப் படமாகவே சேமிக்கப்படும் ஐ-ஃப்ரேம்களை எடுத்து, படத்தைச் சின்னச் சின்ன பிளாக்குகளாக்கி அதிர்வெண்களாகப் பிரித்துச் சொல்லும் டிசிடி எண்களில், நடு அதிர்வெண்ணாகப் பார்த்துத் துளித்துளியாகக் கலந்திருந்தேன். தாழ்வில் வைத்தால் படத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும்; உயரத்தில் வைத்தால் கம்ப்ரஸ் செய்யும்போது முதலில் போவது அதுதான்.

கசிந்த காப்பி வாட்ஸ்அப்பில் எத்தனை கை மாறியதோ, அளவே சுருங்கியிருந்தது. அதைப் பழைய அளவுக்கு நீட்டி பிளாக்குகளைப் பொருத்தவே அரை நாள். எச்.264 என்ற வீடியோ கம்ப்ரஷன் முறையில், எவ்வளவு அமுக்குவது என்று சொல்லும் க்யூ.பி. எண் 6 ஏறினால், டிசிடி எண்களைத் தோராயமாக்கும் குவாண்டைசேஷன் படி இரட்டிப்பாகும். நாங்கள் கொடுத்தது 22, வந்தது 34. நாலு மடங்கு. என் துளிகளில் பெரும்பாலானவை பூஜ்யம். மிஞ்சியதை 140 எண்களோடும் ஒப்பிட்டதில், எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கான மதிப்பு 87-ஆம் எண்ணுக்கு 3.4. இவன்தான் என்று சொல்ல நானே வைத்திருந்த எல்லை 6.

"கன்பார்மா தம்பி?" என்று கேட்டார் கோச்சிங் சென்டர் சார். அதற்குத்தான் அந்தப் பதில்.

ஆமாம் என்று நான் சொல்லவில்லையே. ஆனால் அவர் காதில் எப்படி விழும் என்று தெரியும். மே மாசம், காட்பாடி வெயில், மூன்று நாளாக "யாருன்னு சொல்லு" என்ற நச்சரிப்பு. என் மென்பொருள் வேலை செய்ததாக இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒருவனை மட்டும் சோதித்து 3.4 வந்தால், அது தற்செயலாக இருக்க 3,000-ல் ஒரு வாய்ப்பு. 140 பேரையும் சோதித்து உச்சத்தைப் பொறுக்கினால் அதே 3.4-க்கு 20-ல் ஒன்று. எல்லோரும் பெயிலான வகுப்பிலும் முதல் மார்க் என்று ஒருவன் இருப்பான். இந்தக் கணக்கு அன்றைக்கும் எனக்குத் தெரியும்.

குடியாத்தத்திலிருந்து அந்த 87-ஆம் எண் பையனோடு அவன் அப்பா வந்தார். ரப்பர் பேண்ட் சுற்றிய போனை மேசைமேல் வைத்து, "நீங்களே பாத்துக்கோங்க சார், வூட்ல இது ஒண்ணுதான்" என்றார். யாரும் தொடவில்லை. நானும்தான். பையனின் லாகினை அன்றே நிறுத்திவிட்டார்கள்.

அவனே செய்திருக்கவும் கூடும். அவ்வளவு அமுக்கினால் உண்மையான காப்பியே 3.4-தான் காட்டக்கூடும். பிறகு ஒரு ராத்திரி, யாருக்கும் கொடுக்காத 140 எண்களை உருவாக்கி அதே கோப்பில் ஓட்டினேன். ஒன்றுக்கு 3.1 வந்தது. 3.4-ஐவிடக் குறைவுதானே என்று ஒரு ஆறுதல். என்ன ஆறுதலோ.

இப்போது 6-க்குக் கீழே இருந்தால் திரையில் "முடிவு இல்லை" என்று மட்டும் வரும்படி மாற்றியிருக்கிறேன். எண்கள் லாக் கோப்புக்குப் போய்விடும். போன மாசம் இன்னொரு வீடியோ கசிந்தது. முடிவு இல்லை.

"சரி, இருக்கறதுலயே எது ஜாஸ்தி?" என்றார் சார்.

"பாக்கல சார்" என்றேன். பார்த்திருந்தேன்.