கம்பனி சொன்னது 109, டைனோ சொல்வது 88

டொயோட்டா அலியனையோ பிரிமியோவையோ, சில்லைச் சுழலவிட்டு வலுவை அளக்கும் டைனோவில் ஏற்றி, கைக்கு வந்த காகிதத்தில் 88 குதிரைவலு என்று இருந்தால் மனம் விழத்தான் செய்யும். அந்த 1500 சீசீ எஞ்சினுக்கு டொயோட்டா ஜப்பானில் எழுதிய கணக்கு 109. எஞ்சினைக் கழற்றச் சொல்லுமுன் ஒரு பென்சிலை எடுங்கள்.

முதலில் அலகு. ஜப்பான்காரர் எழுதுவது பிஎஸ் என்ற மெட்ரிக் குதிரைவலு, 735.5 வாட். டைனோ பெரும்பாலும் காட்டுவது எச்பி என்ற ஆங்கிலக் குதிரைவலு, 745.7 வாட். 109 பிஎஸ் என்றால் 107.5 எச்பி. ஒன்றரை இங்கேயே போயிற்று.

அடுத்தது கியர்பெட்டி. கம்பனி எஞ்சினைத் தனியே வைத்து அதன் சுழல்தண்டான கிராங்கின் முனையில் அளக்கிறது; டைனோ சில்லில் அளக்கிறது. இடையில் பல்சக்கரம், எண்ணெய், பெயரிங், டயர் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். முன்சில்லு இழுக்கும் காருக்கு 15 வீதம் என்று வைப்பது வழக்கம். கியர்பெட்டி ஒட்டோ, அல்லது படியில்லாமல் மாறும் சிவிடி என்றால் இன்னும் கூடலாம். 107.5இல் அதைக் கழித்தால் 91. சில்லு எண்ணிலிருந்து கிராங்க் எண்ணுக்குத் திரும்பிக் கணக்குப் போடும்போதுதான் பலர் சறுக்குவது: 15 வீதத்தைக் கூட்டக்கூடாது, 0.85ஆல் பிரிக்க வேண்டும். அந்த 15கூட மதிப்பீடுதான், அளந்ததல்ல. ஆகவே ‘கிராங்க் எச்பி’ என்று அச்சடித்துத் தந்தால் அளவோடு நம்புங்கள்.

மீதி மூன்றைத் தின்பது திருகோணமலைக் காற்று. அளந்த எண்ணை ஒரு பொதுவான காற்றுக்கு மாற்றித் திருத்த அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் (எஸ்ஏஇ) வைத்த விதி ஜே1349; அதற்கு அடிப்படை 25 பாகை வெப்பம், 99 கிலோபாஸ்கல் உலர்காற்று. கச்சான் காற்று அடிக்கும் ஆடி மத்தியானம் ஒன்றை எடுப்போம்: 34 பாகை, ஈரப்பதன் 60 வீதம், அமுக்கம் 100.8. கடல் மட்டத்து ஊர், அமுக்கத்துக்குக் குறைவில்லை. ஆனால் அதில் 3.2 வெறும் நீராவி, எரிக்க உதவாது, உலர்காற்று 97.6தான். சூடான காற்றுக்கு அடர்த்தியும் குறைவு. சூத்திரத்தில் இட்டால் திருத்தக் காரணி 1.035 வரும். 91ஐ அதால் பிரியுங்கள்: 88. காருக்கு ஒரு நோயுமில்லை.

அதனால் திருத்தாத எண், திருத்திய எண் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். எந்த விதிப்படி திருத்தினார்கள் என்றும் பாருங்கள். ‘எஸ்டிடி’ என்றிருந்தால் அது 15.5 பாகைக் குளிர்காற்றுக் கணக்கு. எஸ்ஏஇயைவிட ஏறக்குறைய 4 வீதம் கூட்டிக் காட்டும், சொந்தக்காரருக்கும் சந்தோசம். வெப்பமானி ரேடியேட்டர் சூடு படும் இடத்தில் தொங்கினாலும் எண் பொய்யாக ஏறும்.

ஓட்டும்போது எஞ்சின் எண்ணெய் சூடேறியிருக்க வேண்டும், டயர் காற்று சரியாக இருக்க வேண்டும், முன்னால் பெரிய விசிறி ஓட வேண்டும். ட்ராக்‌ஷன் கொன்ட்ரோலை நிறுத்துங்கள்; முன்சில்லு சுற்றப் பின்சில்லு நிற்பதைக் கண்டால் கணினி எஞ்சினை அடக்கிவிடும். மூன்று முறை ஓட்டி, ஒன்றோடொன்று ஒத்துவரும் எண்ணை எடுங்கள். ஒட்டோவில் இடையில் கியர் இறங்கினால் அந்த ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டரும் சேர்ந்து ஓடும் பழைய (2021க்கு முந்தைய) அக்குவா வைத்திருப்பவர்களுக்கு வேறு குழப்பம். எஞ்சின் 74 பிஎஸ், மோட்டர் 61, ஆனால் கம்பனி சொல்லும் மொத்தம் 135 அல்ல, 100. மோட்டருக்கு முழுவலு கொடுக்க அந்தச் சின்ன பற்றரியால் முடியாது. பற்றரி களைத்திருந்தால் 100கூட வராது.

அலியனுக்கே திரும்பினால், திருத்திய பிறகும் 91க்குப் பதில் 80 என்று நின்றால் அப்போது தேடலாம். கடற்கரை மணல் அடைத்த எயார் ஃபில்டர், தேய்ந்த ப்ளக், புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டர் அடைபட்டிருப்பது, இந்த வரிசையில். அதற்கும் முன்னால், கால்மிதிக்குக் கீழே மடங்கிக் கிடக்கும் ரப்பர் விரிப்பை எடுத்துவிட்டு, மிதி அடிவரை போகிறதா என்று பாருங்கள்.